சுண்டெலியின் பதற்றத்தில் மரபணுவின் பங்கைக் கண்டுபிடிப்பது எப்படி: ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு மரபணுவை நீக்கிய சுண்டெலி, உயரத்தில் நிற்கும் பிளஸ் மேஸின் (இரண்டு கைகளுக்குச் சுவர் உள்ள, இரண்டு கைகள் திறந்த, கூட்டல் குறி வடிவ மேடை) திறந்த கைகளுக்குப் போக மறுக்கிறது. உடன் பிறந்த சாதாரண எலி தாராளமாகப் போய் வருகிறது. பதற்றத்துக்குக் காரணமான மரபணு கிடைத்துவிட்டது என்று எழுதிவிடலாமா? முதலில் வேறு சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அந்த எலி பொதுவாகவே குறைவாக நடக்கிறதா? அதற்குக் கண் தெரிகிறதா? நீக்கிய மரபணுவுக்குப் பக்கத்தில் வேறு ஸ்ட்ரெயினின் (ஆய்வக எலி வகை) டிஎன்ஏ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா? வளர்த்த தாய் எப்படிப்பட்டவள்? இந்தத் துறையில் தவறான முடிவுகள் பெரும்பாலும் சோதனை மேடையில் பிறப்பதில்லை. எலிகளை இனச்சேர்க்கைக்கு விட்ட நாளிலேயே பிறந்துவிடுகின்றன. ஆகவே இனச்சேர்க்கையைப் பற்றி முதலில் விரிவாகவும், சோதனையைப் பற்றிப் பிறகும் பார்ப்போம்.

எதை அளக்கிறோம்

சுண்டெலிக்குப் புது இடத்தைத் துருவிப் பார்க்கும் ஆசையும் உண்டு, வெட்டவெளியில் அகப்பட்டுக்கொள்ளும் பயமும் உண்டு. நம் சோதனைகள் இந்த இரண்டையும் மோதவிட்டு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கின்றன. எலி மனதில் என்ன உணர்கிறது என்பது நமக்குத் தெரியாது. அதனால்தான் ‘பதற்றம் சார்ந்த நடத்தை’ என்று எழுதுகிறோம்.

பழைய முறை ஓப்பன் ஃபீல்டு, அதாவது எலி திரியும் திறந்த வெளிப் பெட்டி. கால்வின் ஹால் 1934-இல் பெரிய எலிகளுக்காகக் கொண்டுவந்தது. வெளிச்ச-இருட்டுப் பெட்டி 1980-இல் வந்தது. பிளஸ் மேஸைச் சுண்டெலிக்கு ஏற்ற அளவில் 1987-இல் செய்து காட்டினார்கள். மூன்றும் ஒரே விஷயத்தை அளப்பதாக நினைத்துவிடாதீர்கள். ஒன்றின் மதிப்புக்கும் மற்றொன்றின் மதிப்புக்கும் உள்ள ஒட்டுறவு பல நேரங்களில் பலவீனமாகவே இருக்கும். ஒரே ஒரு சோதனையில் மட்டும் தெரியும் வித்தியாசத்தை வைத்து மரபணுவுக்குப் பட்டம் சூட்ட வேண்டாம்.

படி 1: ஸ்ட்ரெயினைத் தேர்ந்தெடுப்பது

இருபது தலைமுறைக்கு மேல் அண்ணன்-தங்கை சேர்க்கையில் வளர்ந்த எலிகளைத்தான் இன்பிரெட் ஸ்ட்ரெயின் என்கிறோம். ஒரே ஸ்ட்ரெயினுக்குள் எலிகள் ஏறத்தாழ ஒரே மரபணு அச்சு. ஆகவே இரண்டு ஸ்ட்ரெயின்களை ஒரே அறையில், ஒரே நிலைமையில் வளர்த்து அளந்தால், அவற்றுக்கிடையே தெரியும் வேறுபாட்டில் பெரும்பங்கு மரபணுவைச் சேரும். சி57பிஎல்/6ஜே (இனி பி6) துணிச்சலாகத் திரியும். பால்ப்/சி ஒதுங்கும், ஓரத்திலேயே நிற்கும்.

ஆனால் பால்ப்/சி வெள்ளை எலி, நிறமியற்ற கண். வெளிச்சமே அதற்குத் தொந்தரவு. சி3எச், எஃப்விபி ஸ்ட்ரெயின்களில் விழித்திரையைச் சிதைக்கும் ஆர்டி1 மாற்றம் இருப்பதால், பால் மறக்கும் வயதை ஒட்டியே பார்வை போய்விடும். இவற்றை வெளிச்ச-இருட்டுப் பெட்டியில் விட்டு ‘பதற்றம் குறைவு’ என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். வெளிச்சமே தெரியாத எலி அதற்கு எப்படிப் பயப்படும்?

பி6 என்று மட்டும் குறித்து வைப்பதும் போதாது. சி57பிஎல்/6ஜே வேறு, சி57பிஎல்/6என் வேறு. முன்னதில் என்என்டி மரபணுவின் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது. பின்னதில் விழித்திரையைப் பாதிக்கும் ஆர்டி8 மாற்றம் இருக்கிறது. பன்னாட்டு நாக்-அவுட் (மரபணு நீக்கிய எலி) திட்டத்தின் எலிகள் 6என் பின்னணியில், அதாவது மற்ற மரபணுக்கள் எல்லாம் 6என் ஆக, உருவானவை. அவற்றைக் கடையிலிருந்து வாங்கிய 6ஜே எலிகளோடு ஒப்பிட்டால், உங்கள் மரபணுவோடு இரண்டு கிளை ஸ்ட்ரெயின்களுக்கு இடையிலுள்ள எல்லா வித்தியாசங்களையும் சேர்த்து அளக்கிறீர்கள்.

பின்னணி முடிவையே புரட்டிப் போடும் என்பதற்கு செரோடோனின் டிரான்ஸ்போர்ட்டர் (செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருளைச் செல்லுக்குள் திரும்ப இழுக்கும் புரதம்) நல்ல சாட்சி. அந்த மரபணுவை நீக்கியபோது பி6 பின்னணியில் பதற்ற நடத்தை கூடியது. 129எஸ்6 என்ற ஸ்ட்ரெயினின் பின்னணியில் அப்படித் தெரியவில்லை. இதற்கு மாறாக 5எச்டி1ஏ என்ற செரோடோனின் ஏற்பியை 1998-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக, மூன்று வெவ்வேறு பின்னணிகளில் நீக்கின. மூன்றிலும் பதற்றம் கூடியது. இந்தத் துறையில் இவ்வளவு உறுதியான முடிவு அபூர்வம்.

படி 2: இனச்சேர்க்கைக் கணக்கு

நாக்-அவுட் கூண்டு ஒன்று, வைல்டு-டைப் (மரபணு நீக்காத சாதாரண எலி) கூண்டு ஒன்று என்று தனித்தனியாகப் பெருக்காதீர்கள். செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் சில தலைமுறைகளில் இரண்டும் வெவ்வேறு மந்தைகளாகிவிடும், வளர்க்கும் தாயும் வெவ்வேறு வகையாகிவிடுவாள். தாயின் பங்கு சாதாரணமானதல்ல. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் பி6 கருவை பால்ப்/சி தாயின் கருப்பையில் வைத்து, பிறந்த பிறகும் பால்ப்/சி தாயிடமே வளர்த்தார்கள். வளர்ந்தபின் அந்த பி6 எலிகள் பல சோதனைகளில் பால்ப்/சி போலவே நடந்துகொண்டன. டிஎன்ஏ ஓர் எழுத்துகூட மாறவில்லை.

சரியான வழி, ஒரு நகல் மட்டும் நீக்கப்பட்ட ஹெட் எலிகளை ஒன்றோடொன்று சேர்ப்பது. குட்டிகள் 1:2:1 என்று பிரியும், ஒப்பிட வேண்டிய இரண்டு வகையும் ஒரே ஈற்றில் (ஒரே பிரசவத்தில்) கிடைக்கும். நாக்-அவுட் கால் பங்கு, அதில் ஆண் பாதி, ஆக எட்டில் ஒன்று. குழுக்களுக்கு இடையே ஒரு திட்ட விலக்கம் அளவுக்கு வித்தியாசம் இருக்கும் என்று எதிர்பார்த்தால், 80 சதவீத வாய்ப்போடு அதைப் பிடிக்கக் குழுவுக்கு 17 எலி வேண்டும். 17 ஆண் நாக்-அவுட்டுக்கு 136 குட்டிகள். ஓர் ஈற்றுக்கு ஆறேழு பிழைத்தால் 21 ஈறு. சராசரிக் கணக்கு இது, கை நழுவல்களையும் சேர்த்து 25 ஈற்றுக்குத் திட்டமிடுங்கள். எதிர்பார்க்கும் வித்தியாசம் 0.8 திட்ட விலக்கம் என்றால் குழுவுக்கு 26 எலி. பெண் எலிகளையும் அதே ஈறுகளிலிருந்து சோதிக்கலாம். இனப்பெருக்கச் சுழற்சியால் பெண் எலிகளின் அளவீடு சிதறும் என்று சொல்லி ஒதுக்கும் பழக்கத்துக்குத் தரவுகள் ஆதரவு தரவில்லை.

ஓர் ஈற்றிலிருந்து ஐந்து நாக்-அவுட், இன்னோர் ஈற்றிலிருந்து ஐந்து வைல்டு-டைப் என்று எடுத்தால் அது பத்து எலி இல்லை, இரண்டு தாய்கள். ஒவ்வோர் ஈற்றிலிருந்தும் ஒரே பாலில் ஒரு ஜோடி எடுப்பது உத்தமம். முடியாவிட்டால் பகுப்பாய்வில் ஈற்றை ராண்டம் எஃபெக்டாக (ஈற்றுக்கு ஈறு மாறும் வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறை) சேருங்கள்.

அடுத்தது ஒட்டிக்கொண்டு வரும் டிஎன்ஏ. பழைய நாக்-அவுட்கள் பலவும் 129 ஸ்ட்ரெயினின் ஸ்டெம் செல்லில் செய்து, பிறகு பி6-க்கு மாற்றியவை. பத்துத் தலைமுறை பி6-உடன் சேர்த்தால் மற்ற குரோமோசோம்களில் 129 ஏறக்குறைய மறைந்துவிடும். நீக்கிய மரபணுவைச் சுற்றி மட்டும் அது மறையாது. அதைத்தானே ஒவ்வொரு தலைமுறையிலும் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றுகிறோம்! பத்தாம் தலைமுறையிலும் சராசரியாக 20 சென்டிமார்கன் (குரோமோசோமில் தூரத்தை அளக்கும் அலகு) நீளத்துக்கு 129 துண்டு நிற்கும். சுண்டெலியில் ஒரு சென்டிமார்கன் சுமார் 20 லட்சம் எழுத்து. ஆக 4 கோடி எழுத்து, அதற்குள் நூற்றுக்கணக்கான மரபணுக்கள். வைல்டு-டைப் உடன்பிறப்பிடம் அந்தத் துண்டு இருக்காது. பார்க்கும் வித்தியாசம் அந்த அண்டை மரபணுக்களில் ஒன்றால் வந்திருக்கலாம். பி6 கருவிலேயே கிரிஸ்பர் (டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கருவி) கொண்டு நேரடியாக வெட்டினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கிரிஸ்பர் வேறு இடத்திலும் வெட்டியிருக்கக் கூடும். அதனால் வெட்டும் இடத்தைக் காட்டும் இரண்டு வெவ்வேறு கைடு ஆர்என்ஏ-வால் இரண்டு தனித்தனிக் கால்வழிகள் உண்டாக்கி, இரண்டிலும் நடத்தை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கிரி-லாக்ஸ் முறையில் (கிரி என்ற நொதி, லாக்ஸ் குறிகளுக்கு இடையிலுள்ள டிஎன்ஏவை வெட்டி நீக்கும்) ஒரு பகுதியில் மட்டும் நீக்குபவர்கள், கிரி மட்டும் உள்ள எலியையும் ஒப்பீட்டில் வைக்க வேண்டும். நெஸ்டின்-கிரி எலிகள் (நரம்பு மண்டலத்தில் கிரி இயங்குபவை), எந்த மரபணுவையும் நீக்காமலேயே எடை குறைவாகவும் பயக் கற்றலில் பின்தங்கியும் இருப்பது பதிவாகியிருக்கிறது.

படி 3: அறையும் கையும்

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்த பிறகே எலியைத் தொட வேண்டும். இந்தியாவில் நிறுவனக் குழுவுக்கு ‘பி’ படிவம் போகும். அதில் எலி எண்ணிக்கைக்கு நியாயம் கேட்பார்கள், மேலே போட்ட கணக்கு அங்கேயும் உதவும்.

வெளியிலிருந்து வாங்கிய எலிக்குக் குறைந்தது ஒரு வாரம் ஓய்வு. சோதனைக்கு 8 முதல் 12 வார வயது. கூண்டு மாற்றிய அன்றும் மறுநாளும் சோதனை வேண்டாம். வாலைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை விடுங்கள். குழாய்க்குள் நுழையவிட்டோ, இரு கைகளையும் குவித்தோ எடுத்தால் பதற்ற நடத்தை கணிசமாகக் குறையும் என்று 2010-இல் காட்டப்பட்டது. வாலால் தூக்கப்பட்ட எலி மேடைக்கு வரும்போதே மிரண்டிருக்கிறது. அதற்குமேல் மரபணு என்ன செய்கிறது என்று எங்கே தெரியும்? சோதனைக்கு முந்தைய மூன்று நாட்களாவது தினம் ஓரிரு நிமிடம் கையில் எடுத்துப் பழக்குங்கள், சோதிக்கப் போகிறவரே பழக்குங்கள்.

ஆல்பனி, எட்மன்டன், போர்ட்லண்டு என்ற மூன்று ஊர் ஆய்வகங்கள் ஒரே ஸ்ட்ரெயின்கள், ஒரே கருவி, ஒரே நேரம் என்று முடிந்தவரை எல்லாவற்றையும் ஒன்றாக்கிக்கொண்டு சோதித்த முடிவு 1999-இல் வந்தது. பெரிய வித்தியாசங்கள் மூன்று ஊரிலும் தெரிந்தன. சின்ன வித்தியாசங்கள் ஊருக்கு ஊர் மாறின, பிளஸ் மேஸில் அது நன்றாகவே தெரிந்தது. எட்மன்டனில் சோதித்தவருக்கு எலி ஒவ்வாமை, முகத்தில் சுவாசக் கருவி மாட்டிக்கொண்டுதான் வேலை பார்த்தார் என்பது அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் மறக்காத விவரம். ஒரு தொகுதியின் நடுவில் ஆளை மாற்றாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

படி 4: பிளஸ் மேஸ்

கை ஒவ்வொன்றும் 30 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். மூடிய கைகளின் சுவர் 15 செ.மீ. தரையிலிருந்து 40 முதல் 50 செ.மீ. உயரம். திறந்த கையின் விளிம்பில் 3 மி.மீ. உயரத்துக்கு ஒரு சின்ன வரம்பு வையுங்கள். இல்லையென்றால் எலிகள் வழுக்கி விழும், அதுவும் தசை ஒருங்கிணைப்பு குறைந்த நாக்-அவுட்தான் அதிகம் விழும். விழுந்த எலியைக் கணக்கில் சேர்ப்பதா நீக்குவதா என்ற விதியைத் தரவு வருவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும்.

வெளிச்சத்தை எலியின் முதுகு உயரத்தில் லக்ஸ் மீட்டரால் அளந்துகொள்ளுங்கள். திறந்த கைகளில் 40 முதல் 100 லக்ஸுக்குள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, இரண்டு கைகளிலும் அது ஒன்றாக இருக்கும்படி விளக்கை நகர்த்துங்கள். ஜன்னல் பக்கமாக உள்ள கையை எலி ஒதுக்குவது வழக்கமான கோளாறு. அதைக் கண்டுபிடிக்க இடது, வலது திறந்த கைகளின் நேரத்தைத் தனித்தனியாகப் பதிவு செய்தால் போதும்.

எலிகளைச் சோதனை அறைக்குக் கொண்டுவந்து 45 நிமிடமாவது விடுங்கள். எலியை நடுச் சதுரத்தில், எப்போதும் ஒரே திறந்த கையைப் பார்த்து வையுங்கள். 5 நிமிடம் ஓடட்டும். ஆள் திரைக்குப் பின்னால் போய்விட வேண்டும். முடிந்த எலியைத் தன் கூண்டுக்கு உடனே அனுப்பாமல், அந்தக் கூண்டின் கடைசி எலி முடியும்வரை தனிப்பெட்டியில் வையுங்கள். மிரண்டு திரும்பிய எலி காத்திருக்கும் எலியையும் மாற்றிவிடும். மேடையை 70 சதவீத எத்தனாலால் துடைத்து, வாசம் போகும்வரை காயவிடுங்கள். முதல் எலிக்கு முன்பும் துடைக்க வேண்டும். மறந்தால் அந்த ஒரு எலி மட்டும் வேறு வாசனையுள்ள மேடையில் ஓடியிருக்கும். மரபணு வகைகள் காலை, மாலை என்று ஒதுங்கிவிடாமல் கலந்து வர வேண்டும். சோதிப்பவருக்கு எது எந்த வகை என்று தெரியக் கூடாது.

நான்கு கால்களும் நுழைந்தால்தான் ஒரு நுழைவு. எழுத வேண்டிய எண்கள்: திறந்த கையில் இருந்த நேரத்தின் சதவீதம், திறந்த கை நுழைவுகளின் சதவீதம், மூடிய கை நுழைவுகள். மூன்றாவதுதான் நடமாட்டத்தின் அளவு. புதியவர்கள் அதை விட்டுவிடுவார்கள். துறுதுறுவென்று ஓடும் எலி எல்லாக் கைகளிலும் அதிகம் நுழையும், பதற்றம் குறைந்ததுபோல் தெரியும். மூடிய கை நுழைவும் சேர்ந்து ஏறினால் சந்தேகப்படுங்கள். உடலை நீட்டி எட்டிப் பார்ப்பது, விளிம்பில் தலையைக் கீழே தொங்கவிட்டுப் பார்ப்பது இரண்டையும் எண்ணிவைத்தால் பின்னால் பெரிய உதவி.

வைல்டு-டைப்பே திறந்த கையில் 2 சதவீத நேரம்தான் இருக்கிறதென்றால், உங்கள் மரபணு பதற்றத்தைக் கூட்டினாலும் அந்த எண் இறங்குவதற்கு இடமில்லை. விளக்கை மங்கவைத்து, வேறு எலிகளில் முன்னோட்டம் பாருங்கள். ஒரே எலியை இரண்டாம் முறை ஏற்றாதீர்கள். இரண்டாம் முறை அது திறந்த கையைத் தவிர்க்கும். முதல் முறை வேலை செய்த பென்சோடயசெபீன் வகைப் பதற்றத் தணிப்பு மருந்தும் அப்போது வேலை செய்யாது.

கருவி பதற்றத்தைத்தான் அளக்கிறதா என்று பார்க்க, அந்த வகை மருந்தான டயாசெபாம் உதவும். கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி., வயிற்றறைக்குள் ஊசி, 30 நிமிடம் கழித்துச் சோதனை, கூடவே மருந்தில்லாக் கரைசல் குழு. அளவைக் கூட்டினால் எலி தூங்கி வழியும். இந்த ஓட்டத்துக்குப் பி6-ஐ விட பால்ப்/சி நன்றாக அசைந்து கொடுக்கும். கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து என்பதால் அனுமதிக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.

ஓப்பன் ஃபீல்டுக்கு 40 செ.மீ. சதுரம், நடுவில் 20 செ.மீ. சதுரம் மையம், 10 நிமிடம். மொத்தத் தூரத்தையும் பாருங்கள். வெளிச்ச-இருட்டுப் பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு இருட்டு, வெளிச்சப் பக்கம் 400 லக்ஸ் அளவில், 10 நிமிடம். சோதனைகளுக்கு இடையே சில நாள் இடைவெளி, எல்லா எலிக்கும் ஒரே வரிசை. நீச்சல், மின்னதிர்ச்சி போன்றவை கடைசியில்.

படி 5: மரபணு எதுவென்று தெரியாதபோது

மேலே சொன்னது ஒரு மரபணுவை மனதில் வைத்துத் தொடங்குபவர்களுக்கு. நடத்தையிலிருந்து தொடங்கி மரபணுவுக்குப் போவது நீண்ட பாதை. நடத்தை மரபியலாளர் டிஃப்ரீஸும் கூட்டாளிகளும் பால்ப்/சி, பி6 கலப்பிலிருந்து தொடங்கி, ஓப்பன் ஃபீல்டில் அதிகம் நடப்பவை ஒரு பக்கம், குறைவாக நடப்பவை மறுபக்கம் என்று 30 தலைமுறை தேர்ந்தெடுத்தார்கள். அந்த எலிகளைக் கலந்து, ஃபிளின்ட் என்ற ஆய்வாளரின் குழு 1995-இல் 1, 12, 15 ஆகிய குரோமோசோம்களில் நடத்தையோடு தொடர்புள்ள இடங்களைக் குறித்தது. ஒன்றாம் குரோமோசோமில் ஆர்ஜிஎஸ்2 என்ற மரபணுவை அதே ஆய்வாளரின் குழு சுட்டிக்காட்டியது 2004-இல். பகுதியிலிருந்து மரபணுவுக்குப் போக ஒன்பது வருடம்.

இரண்டாம் தலைமுறைக் கலப்பில் ஒவ்வோர் இடமும் மொத்த வேறுபாட்டில் சில சதவீதத்தைத்தான் விளக்கும். எனவே நூற்றுக்கணக்கான எலிகள் வேண்டும். அப்படியும் கிடைக்கும் பகுதி பல சென்டிமார்கன் அகலம். தொடங்குபவருக்கு பிஎக்ஸ்டி ஸ்ட்ரெயின்கள் நல்லவை. பி6, டிபிஏ/2ஜே இரண்டையும் கலந்து மறுபடி இன்பிரெட் ஆக்கியவை. மரபணு அச்சு ஏற்கெனவே பொதுத் தளத்தில் கிடைப்பதால் நீங்கள் நடத்தையை அளந்தால் போதும். ஒரு ஸ்ட்ரெயினில் பல எலிகளை அளந்து சராசரி எடுக்கும்போது சூழலின் இரைச்சல் அடங்கும். இன்னும் குறுகிய பகுதி வேண்டுமென்றால் எட்டு மூதாதை ஸ்ட்ரெயின்களிலிருந்து வந்த டைவர்சிட்டி அவுட்பிரெட் எலிகள். ஒவ்வொன்றும் தனிப்பிறவி என்பதால் ஒவ்வொன்றுக்கும் சிப்பில் மரபணு அச்சு எடுக்க வேண்டும், செலவு கூடும்.

பகுப்பாய்வில் பாலினம், தொகுதி, சோதித்தவர் மூன்றையும் துணை மாறிகளாகச் சேருங்கள். லாட் மதிப்பின் (ஓர் இடம் நடத்தையோடு தொடர்புள்ளது என்பதற்கான சான்றின் அளவு) வரம்பைத் தரவை 1000 முறை கலைத்துப் போட்டுக் கணக்கிடுங்கள், கட்டுரையில் பார்த்த ஏதோ ஓர் எண்ணை எடுத்து ஒட்டாதீர்கள். ஏழாம் குரோமோசோமில் உச்சி வந்தால் கொண்டாடுவதற்கு முன் டைரோசினேஸ் மரபணு பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை எலியா நிற எலியா என்பதைத் தீர்மானிக்கும் மரபணு அது. வெளிச்சத்தில் நடத்தும் சோதனையில் அந்த உச்சி பெரும்பாலும் கண்ணைப் பற்றித்தான் பேசுகிறது.

படி 6: நிரூபணம்

ஒரு பகுதியில் ஒரு மரபணுவின் வெளிப்பாடு பதற்றத்தோடு சேர்ந்து ஏறுகிறது என்பது நிரூபணம் ஆகாது. கிளையாக்சலேஸ்1 என்ற நொதி மரபணுவின் கதையைப் பின்தொடர்ந்தால் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று புரியும். ஆறு இன்பிரெட் ஸ்ட்ரெயின்களின் மூளையை ஒப்பிட்டபோது பதற்றம் மிகுந்தவற்றில் அதன் வெளிப்பாடு அதிகம். அதோடு நிற்காமல், 2005-இல் லென்டிவைரஸ் (செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுசேர்க்கும் வைரஸ்) மூலம் சிங்குலேட் புறணி என்ற மூளைப் பகுதியில் அதைக் கூட்டிப் பார்த்தார்கள், பதற்றம் கூடியது. வெளிப்பாடு ஏன் ஸ்ட்ரெயினுக்கு ஸ்ட்ரெயின் வேறுபடுகிறது என்ற கேள்விக்கு 2009-இல் விடை வந்தது: சில ஸ்ட்ரெயின்களில் அந்தப் பகுதி இரட்டிப்பாகியிருந்தது. 2012-இல் செயல்முறை தெளிவானது. இந்த நொதி மெத்தில்கிளையாக்சலைச் சிதைக்கிறது. மெத்தில்கிளையாக்சல், நரம்புச் செல்லைத் தணிக்கும் காபா-ஏ ஏற்பியைத் தூண்டும் பொருள். நொதி கூடினால் அந்தப் பொருள் குறைகிறது, மூளையைத் தணிக்கும் தூண்டுதலும் குறைகிறது.

வயதுவந்த எலியின் மூளையில் வைரஸால் மாற்றிப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்றால் மரபணுவைக் கைவிட்டுவிட வேண்டாம். 5எச்டி1ஏ ஏற்பியை முன்மூளையில், வளரும் பருவத்தில் திருப்பிக் கொடுத்தபோது நாக்-அவுட்டின் நடத்தை சரியானது. வளர்ந்த பிறகு அந்த ஏற்பியை அணைத்தபோது பதற்றம் வரவில்லை. 2002-இல் வந்த முடிவு இது. உங்கள் மரபணுவும் குட்டிப் பருவத்திலேயே தன் வேலையை முடித்துவிடும் ரகமாக இருக்கலாம். ஆகவே டாக்சிசைக்ளின் போன்ற மருந்தால் வேண்டும்போது திறந்து மூடும் அமைப்பு ஒன்றை ஆரம்பத்திலேயே திட்டத்தில் வைப்பது லாபம்.

சோதனை முடிந்து எலியைக் கொல்லும் அன்று வாலிலிருந்து ஒரு துண்டு எடுத்து, மறுபடி பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) செய்து மரபணு வகையை உறுதி செய்துகொள்ளுங்கள். கூண்டு அட்டை மாறிப்போவது எல்லா ஆய்வகத்திலும் நடக்கிறது. கட்டுரை எழுதும்போது ஸ்ட்ரெயினின் முழுப்பெயர், வாங்கிய இடம், எத்தனையாம் தலைமுறை, ஒரு கூண்டில் எத்தனை எலி, எப்படித் தூக்கினீர்கள், எத்தனை லக்ஸ், எத்தனை எலி விழுந்தது, எத்தனை ஈறு என்பதையெல்லாம் முறைகள் பகுதியில் கொடுங்கள். இடம் போதாது என்று பத்திரிகை சொன்னால் இணைப்புக் கோப்பில் போடுங்கள்.